கம்பைப் பிடித்தால் குணம் வந்துவிடுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் ஊரில் மின்கம்பங்களிலும் பள்ளிச் சுவர்களிலும் தற்காப்புக் கலை வகுப்புகளின் தட்டிகள் தொங்க ஆரம்பித்துவிடும். கராத்தே, டேக்வாண்டோ, குங்ஃபூ, சிலம்பம் என்று மேலே பெயர் மாறும். கீழே இருக்கும் வரி மட்டும் மாறாது: ஒழுக்கம், தன்னம்பிக்கை, மன உறுதி. பெற்றோர்கள் பெரும்பாலும் அந்த வரியை நம்பித்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்து ஓரத்தில் சிலம்பம் கற்க ஆரம்பித்தவள் நான். அந்த வரி பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நிபந்தனையோடு கூடிய உண்மை. அந்த நிபந்தனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

1986-ல் மைக்கேல் டிரல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அடிதடி, குற்றம் என்று பேர் வாங்கியிருந்த 34 பதின்வயதுப் பையன்களை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதல் குழுவுக்கு மரபான முறையில் டேக்வாண்டோ: தொடக்கத்தில் வணக்கமும் தியானமும், மரியாதை பற்றிய பேச்சு, பொறுமையாக வடிவப் பயிற்சி (குறிப்பிட்ட அசைவுகளை ஒரே வரிசையில் தனியாகச் செய்து பழகுவது), அப்புறம் சண்டைப் பயிற்சி. இரண்டாம் குழுவுக்குச் சண்டை நுட்பங்கள் மட்டும். மூன்றாம் குழுவுக்கு ஓட்டம், பந்து விளையாட்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் குழுப் பையன்களிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் குறைந்திருந்தன. இரண்டாம் குழுவினர் வந்தபோது இருந்ததைவிட முரடாகியிருந்தார்கள். இரண்டு குழுவும் உதைக்கத்தான் கற்றன, குத்தத்தான் கற்றன. அந்த உதையையும் குத்தையும் சுற்றி என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

34 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அதை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2005-ல் நார்வேயில் எண்ட்ரெசனும் ஒல்வேயுஸும் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் கிட்டத்தட்ட இந்த இடத்துக்கே வருகிறது. குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கீழைநாட்டுச் சண்டைக் கலைகள் ஆகியவற்றில் சேர்ந்த 11 முதல் 13 வயதுப் பையன்களைத் தொடர்ந்து கவனித்ததில், விளையாட்டுக்கு வெளியேயும் அவர்களிடம் வன்முறைப் போக்கு கூடியிருந்தது தெரிந்தது. ஒல்வேயுஸ் பள்ளிகளில் நடக்கும் வம்பு, கொடுமைகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவர் சொல்வதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆக, கம்பு தானாகக் குணத்தைத் தருவதில்லை. அப்படியானால் எது தருகிறது? இந்தக் கேள்வியோடுதான் நான் எங்கள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: எதிரே கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். அவருக்கு அடிபடக்கூடாது என்ற பொறுப்பு உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. உங்களுக்கு அடிபடக்கூடாது என்ற பொறுப்பு அவர் மணிக்கட்டில் இருக்கிறது. ஒழுக்கம், மன உறுதி என்று தட்டியில் போடுவதெல்லாம் இந்த இரண்டு பேருக்கு நடுவில்தான் உருவாகிறது. தொடர்ந்து வருவதற்கான ஊக்கமும் அங்கேயிருந்துதான் வருகிறது.

சிலம்பம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். கம்பு ஆளுக்கு ஆள் மாறும். தரையில் ஊன்றினால் நெற்றிவரை வரவேண்டும். முதலில் மண்ணைத் தொட்டு வணக்கம், அப்புறம் ஆசானுக்கு, அப்புறம் எதிரே நிற்பவருக்கு. புதிதாக வருபவர்களுக்குக் கம்பு உடனே கைக்கு வராது. காலடிதான் முதல் பாடம். மண்ணில் கோடு கிழித்து அதன்மேல் முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கவாட்டில் திரும்பி ஒன்று என்று நடக்கவேண்டும். முழங்கால் மடங்கியிருக்கவேண்டும், குதிகால் அழுந்தவேண்டும், கண் தரையைப் பார்க்கக் கூடாது. வாரக்கணக்கில் இது மட்டும்தான். சுற்றுவதைப் பார்த்து ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். "கம்பு முந்தக் கூடாது, காலு முந்தணும்" என்று ஆசான் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இதை அவர் ஏன் இத்தனை தடவை சொல்கிறார் என்பது கம்புச் சண்டைக்கு வந்த பிறகுதான் புரியும். எங்கள் மைதானத்தில் தொடுமுறை விளையாடுகிறோம். எதிராளியின் உடலைக் கம்பு தொட்டால் புள்ளி. அந்தக் காலத்தில் கம்பின் நுனியில் சாம்பலைக் குழைத்துப் பூசி விளையாடுவது உண்டாம். தொட்ட இடத்தில் தடம் விழும், வாக்குவாதத்துக்கு இடமில்லை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் கம்பின் நுனி வருகிற வேகம் சாதாரணமானது அல்ல. அதே வேகத்தில் கொண்டுபோய்த் தோளில் பட்டும் படாமல் நிறுத்தவேண்டும். வேகத்தைக் குறைத்தால் எதிராளி தடுத்துவிடுவார். குறைக்காமல் விட்டால் எலும்பில் இறங்கும். அடிப்பதற்குப் பலம் போதும். தொடுவதற்குப் பின்னங்கால் வேண்டும். உடம்பின் எடை எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆளால் கம்பை நினைத்த இடத்தில் நிறுத்தவே முடியாது. நிதானம் மனசு சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதிக்கு மேல் காலில் இருக்கிறது என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குச் சோடியாக வாய்த்தவள் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கம்பில் என்னைவிடப் பல படி மேலே இருப்பவள். ஆனால் என் எதிரே நின்றால் அவள் கம்பு தயங்கும். வயதில் மூத்தவளை எப்படி அடிப்பது என்ற கூச்சம். தோள் வரைக்கும் வந்துவிட்டுக் காற்றிலேயே திரும்பிப் போய்விடும். இரண்டு மூன்று தடவை இதைப் பார்த்த ஆசான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்னட்டி, பயப்படுதியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"நீ தொடலன்னா அக்கா எப்படிப் படிப்பாவ? விட்டுக்கொடுக்கது மரியாதை இல்லட்டி. வேகமா வா. தொட்ட ஒடனே நிறுத்து. அதுதான் மரியாதை."

அடுத்த வீச்சு என் வலது தோளில் சரியாக வந்து உட்கார்ந்தது. வலிக்கவில்லை. ஆனால் அதுவரை நான் தடுத்ததெல்லாம் தடுப்பே இல்லை என்று அந்த ஒரு தொடுகையில் விளங்கிவிட்டது. மரியாதை என்றால் பெரியவர்கள் முன்னால் அடங்கி நிற்பது என்று சொல்லிச் சொல்லியே நம் ஊரில் பெண் பிள்ளைகளை வளர்க்கிறோம். எதிரே நிற்பவரின் முன்னேற்றத்துக்காக முழுத் திறமையையும் காட்டுவதும், அவர் உடம்புக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வதும் சேர்ந்ததுதான் மரியாதை என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்குக் கற்றுத்தரும் இடம் வேறு எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு எடுத்து இதைப் புரியவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோபத்துக்கும் எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. விரல் முட்டியில் கம்பு விழுந்தால் வலி உச்சந்தலைக்கு ஏறும். திருப்பி ஒன்று போடவேண்டும் என்று கை துடிக்கும். யாராக இருந்தாலும் துடிக்கும். ஒரு பையன் ஒருநாள் அப்படித் திருப்பிப் போட்டுவிட்டான். எதிரே இருந்தவனின் முழங்கைக்குக் கீழே சட்டென்று தடித்துவிட்டது. ஆசான் அவனைத் திட்டவும் இல்லை, வெளியே அனுப்பவும் இல்லை. "போயி தைலத்த எடுத்துட்டு வா" என்றார். எடுத்து வந்தான். "நீயே தேச்சு விடு" என்றார். தடித்த இடத்தைத் தன் விரலால் தொட்டுத் தேய்க்கும்போது அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு வலித்திருக்கும் என்று அவன் விரலுக்குத் தெரிந்துவிட்டது. தேய்த்து முடித்த பிறகு அதே இருவரும் மறுபடி எதிரெதிரே நிற்கவேண்டும். தொடரலாமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அடிபட்டவனுக்கு. அன்றைக்கு அவன் கம்பை எடுத்தான்.

தோப்புக்கரணம் போடச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் ஆசானுக்குப் பயந்திருப்பான், அவ்வளவுதான். தைலம் தேய்க்க வைத்ததில் அவன் பார்வை அடிபட்டவன் பக்கம் திரும்பியது. டிரல்சன் ஆய்வில் இரண்டாம் குழுவுக்குக் கிடைக்காமல் போனது இந்த மாதிரி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சரி, ஊக்கத்துக்கு வருவோம். என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி, "எப்படி விடாமல் போகிறீர்கள்?" என்பதுதான். ஆரம்ப உற்சாகம் எல்லாருக்கும் இருக்கும். அது வடிந்த பிறகு ஒரு நீண்ட காலம் வரும். புதிதாக ஒன்றும் கற்றிருக்க மாட்டோம், தெரிந்ததும் ஒழுங்காக வராது, தோள்பட்டை வலிக்கும், அலுவலகத்திலிருந்து வந்ததும் உட்காரத் தோன்றும். இந்தக் காலத்தைத் தாண்டுவதற்கு மன உறுதி வேண்டும் என்கிறார்கள். நான் பார்த்தவரை, மன உறுதியை நம்பியவர்கள்தான் முதலில் நின்றார்கள்.

ஒகினாவாத் தீவிலிருந்து கராத்தேயை ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுசென்றவர்களில் முதன்மையானவர் கிச்சின் ஃபுனாகோஷி. நைஹாஞ்சி என்ற ஒரே வரிசையின் மூன்று வடிவங்களைக் கற்க அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. ஒன்றைச் சரியாகச் செய்து காட்டாமல் அடுத்ததற்குப் போக அவருடைய ஆசான் விடவில்லை. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் தொடங்கிய கொடோகான் பயிற்சிக்கூடத்தில் இன்னொரு ஏற்பாடு உண்டு. ஜனவரியில், குளிர் கடுமையாக இருக்கும் நாட்களில், அதிகாலையில் எல்லாரும் கூடிச் செய்யும் குளிர்காலப் பயிற்சி. படுக்கையை விட்டு எழவே மனசு வராத நேரம் எது என்று பார்த்து, அந்த நேரத்தில் கூட்டமாக வரும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறார்கள். தனி ஆளின் மனசு தளரும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. பக்கத்தில் நடுங்கிக்கொண்டே இன்னொருவர் வந்து நின்றால் நாமும் நிற்போம்.

எங்கள் ஆசான் கொடோகானைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் வைத்திருக்கும் ஒரு விதி எனக்கு அதே அறிவில் பிறந்ததாகத் தோன்றுகிறது. வர முடியாவிட்டால் அவருக்குச் சொல்லவேண்டியதில்லை. "எனக்கு எதுக்குச் சொல்லுதிய? சோடிக்குச் சொல்லுங்க" என்பார். நான் போகாவிட்டால் அந்தச் சிறுமி கம்பை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கவேண்டும். அவள் மாலை வீணாகும். போன் எடுத்து, "இன்னைக்கு வரலம்மா" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லவேண்டும். அவள் "சரிக்கா" என்பாள், வேறொன்றும் சொல்ல மாட்டாள். அந்த "சரிக்கா"வைக் கேட்பதைவிடக் கிளம்பிப் போவது மேல் என்று பல நாட்கள் கிளம்பியிருக்கிறேன். அவளும் தேர்வு நாட்களில் என்னை நினைத்து வந்து நின்றிருக்கிறாள். மைதானத்துக்குப் போய்விட்டால் மீதி தானாக நடக்கும். முதல் வணக்கம் வைத்த பிறகு சோர்வு எங்கே போனதென்று தெரியாது.

விட்டுப்போன நாட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். காய்ச்சல், கல்யாணம், அலுவலகத்தில் மார்ச் மாத வேலை, மழை என்று இடைவெளி விழத்தான் செய்யும். நான்கைந்து நாள் விட்டுப்போனால் போச்சு, எல்லாம் வீண் என்று நினைத்து அப்படியே நின்றுவிடுகிறவர்கள் அதிகம். லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 96 பேரிடம் புதுப் பழக்கம் எப்படி ஊன்றுகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளில் முடிந்தது, சிலருக்கு 254 நாள்வரை போகும் என்று கணக்கிட்டார்கள். அதில் என்னைக் கவர்ந்தது வேறு: நடுவில் ஒரு நாள் தவறியது பழக்கம் ஊன்றுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எங்கள் ஆசான் திரும்பி வருகிறவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்பதே இல்லை. "வாங்க, காலடியில இருந்து போடுங்க" என்பார். கேள்வி கேட்காத அந்த வரவேற்பால்தான் பல பேர் திரும்பி வருகிறார்கள். வாசலில் விசாரணை வைத்தால் யார் வருவார்?

பட்டை முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்புப் பட்டையைக் கொண்டுவந்தது கானோவின் ஜூடோதான். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நிறங்களை அடுக்கும் பழக்கத்தை 1930-களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாயிஷி பரப்பினார். சிலம்பத்திலும் இப்போது சில அமைப்புகள் பட்டை தருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நிறம் மாறுவது பெரிய சந்தோஷம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எங்கள் மைதானத்தில் வேறொரு வழக்கம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு கட்டத்துக்கு வந்த பிள்ளையிடம் புதிதாக வந்த பிள்ளையை ஒப்படைப்பார்கள். முதல் காலடியை நீ சொல்லிக்கொடு. சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தன் காலடியில் இருக்கும் பிசகு பலருக்குத் தெரிகிறது. துடுக்கான பிள்ளைகள் ஒரே மாதத்தில் பொறுமைசாலிகளாவதை இந்த இடத்தில் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்குச் சிலம்பத்துக்கு நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக அது இடம்பெற்றது. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்ந்திருக்கிறது. இதனால் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், மகிழ்ச்சி. கூடவே சான்றிதழுக்கான அவசரமும் வந்துவிட்டது. பானை மேல் நின்று சுற்றுவது, ஆணிப் பலகை மேல் நின்று சுற்றுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றுவது என்று சாதனை நிகழ்ச்சிகள் வாராவாரம் நடக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே எதிரே யாரும் இல்லை. யாரையும் தொட்டு நிறுத்த வேண்டியதில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கை வேகம் வரும். நான் மேலே சொன்ன எதுவும் வராது.

ஒரு காலத்தில் இந்தக் கலைக்கே இந்தக் கதி நேர்ந்ததாக ஆசான்கள் சொல்வார்கள். ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் தோற்ற பிறகு, 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர் சீமைகளில் ஆயுதங்களைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். அதன்பின் சண்டை முறைகள் பல ஊர்களில் மங்கி, கோயில் கொடையிலும் ஊர்வலத்திலும் சுற்றிக் காட்டும் அலங்காரச் சிலம்பம்தான் வெளியே தெரிய நிலைத்தது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. அன்றைக்குப் பறிபோனதை இன்றைக்கு நாமாக விட்டுக்கொடுக்க வேண்டாமே.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர்கள் என்னிடம் யோசனை கேட்டால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாலை முழுவதும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள் என்கிறேன். சுவரில் மாட்டியிருக்கும் கோப்பைகளைப் பார்க்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடித்தவன் என்ன செய்கிறான், ஆசான் யாரிடம் முதலில் போகிறார் என்று பாருங்கள். நன்றாக விளையாடும் பிள்ளை தடுமாறும் பிள்ளையோடு சோடி சேரும்போது எப்படி நடந்துகொள்கிறது, ஒரு மாதம் வராமல் போய்த் திரும்பி வந்த பிள்ளையை எப்படி வரவேற்கிறார்கள் என்று பாருங்கள். சண்டையே இல்லாமல் சுற்றுவது மட்டும் நடந்தால், எப்போது எதிரெதிரே நிறுத்துவீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

பெரியவர்களும் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் சேரலாம். முழங்காலில் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். கம்பை முதல் நாளே வாங்கிவிட வேண்டாம்; காலடி முடியட்டும், அப்புறம் ஆசானே உங்கள் நெற்றி உயரத்துக்குப் பார்த்து வெட்டித் தருவார்.